முத்து பெயரில் ஒரு மழைக்காட்டுக் குருவி

உலகில் உள்ள ஒவ்வொரு பறவை இனத்துக்கும் ஓர் அறிவியல் பெயர் உண்டு. அந்தப் பட்டியலைப் புரட்டினால் ஆங்கிலேய அதிகாரிகள், ராணுவத் தளபதிகள், டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார், நண்பர்கள் என்று வரிசையாக வருவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெயர் சட்டென்று நம் கண்ணை நிறுத்தும். மஸ்கிகாபா முத்துயி.

லத்தீன் மொழியில் ‘மஸ்கா’ என்றால் ஈ. ‘காபெரே’ என்றால் பிடிப்பது. ‘முத்துயி’ என்றால் முத்துவின். சேர்த்துச் சொன்னால், ‘முத்துவின் ஈப்பிடிப்பான்’.

ஆமாம், நம்மூர் முத்துதான்.

தமிழில் இந்தப் பறவையைப் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்கிறார்கள். நீளம் 13, 14 சென்டிமீட்டர். சிட்டுக்குருவியைவிடச் சின்னது. எடை 10 முதல் 14 கிராம். உடம்பெல்லாம் பழுப்பு. மயிலைப்போலத் தோகை இல்லை, குயிலைப்போலக் குரல் இல்லை. வடகிழக்கு இந்தியா, வடக்கு மியான்மர், தென் சீனா ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். நாகாலாந்து மலைகளிலிருந்து வால்பாறை வரை நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 2,500 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பறந்துவந்து நம் காட்டில் சத்தமில்லாமல் சில மாதங்கள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி இது.

வந்திருப்பது இவர்தான் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். இதே அளவில், இதே பழுப்பில், இதேபோல ஈ பிடித்துத் தின்னும் வேறு பறவைகளும் அதே காட்டில் அதே மாதங்களில் இருக்கின்றன.

யார் இந்த முத்து?

எட்கர் லியோபோல்ட் லேயார்டு என்ற ஆங்கிலேயர் 1846-ல் இலங்கைக்கு வந்தார். பழைய நினிவே நகரப் பகுதியில் அகழாய்வு செய்து புகழ்பெற்ற ஆஸ்டின் ஹென்றி லேயார்டின் தம்பி இவர். தம்பிக்கு மண்ணுக்கு அடியில் இருப்பதைவிட மரத்தின்மேல் இருப்பதில்தான் ஆர்வம். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே எட்டு ஆண்டுகள் இலங்கையின் பறவைகளைச் சேகரித்தார். பிறகு தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கேயும் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார்.

இலங்கையில் அவருக்கு முத்து என்று ஒரு வேலையாள் இருந்தார். ஒரு நாள் காலை, யாழ்ப்பாணத்துக்கு வடகிழக்கே பருத்தித்துறையில், முத்து ஒரு சின்னப் பழுப்புப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஜூன் மாதம். அந்தப் பறவை அதுவரை அறிவியல் உலகம் பெயர் வைக்காத இனம் என்பதை லேயார்டு உணர்ந்தார். 1854-ல் வெளியான தன் குறிப்பில் அதற்கு முத்துவின் பெயரையே வைத்தார். தன்னிடம் இருக்கும் சிறந்த பறவைகளில் பலவற்றுக்கு இந்தப் பழைய, விசுவாசமான வேலையாளின் பொறுமையும் வேட்டைத் திறமையும்தான் காரணம் என்றும் அங்கே சொல்லியிருக்கிறார்.

முத்துவைப் பற்றி அந்தக் குறிப்பில் இருப்பது அந்த ஒன்றிரண்டு வரிகள்தான். ஆனால், அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். பறவைகளைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர்கள், வலை விரித்தவர்கள், எந்த மரத்தில் எது வரும் என்று கைகாட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். அருங்காட்சியகத்தின் சீட்டில் ஏறியது துரைமாரின் பெயர். இலங்கைக்கே உரிய ஒரு பச்சைக்கிளியின் அறிவியல் பெயரில் லேயார்டின் மனைவியுடைய குடும்பப் பெயர் இருக்கிறது. அதே மரியாதை ஒரு தமிழ் வேலையாளுக்கும் கிடைத்தது அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் ‘லேயார்டின் ஈப்பிடிப்பான்’ என்றும் ஒரு பெயர் இருந்தது. இன்றைய பட்டியல்களில் அந்தப் பெயர் போய், ‘பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்’ என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயர்தான் இருக்கிறது. அறிவியல் பெயருக்கோ வேறு விதி. முதலில் முறைப்படி அச்சில் வந்த பெயருக்கே முன்னுரிமை. அதனால் எஜமானர் பெயர் வழக்கொழிந்துபோனது, வேலையாள் பெயர் நிலைத்துவிட்டது.

காட்டுக்கும் மாடி உண்டு

பருத்தித்துறை பனைமரமும் கடற்காற்றும் உள்ள வறண்ட ஊர். முத்துவின் பறவை வழக்கமாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் அதுபோன்றதல்ல. அது விரும்புவது ஈரமான பசுமைமாறாக் காடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகள், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காடுகள் போன்றவைதான் அதற்கு ஏற்றவை. ஜூன் மாதத்தில் இந்த இனம் வடக்கே தன் மலைக்காட்டில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முத்துவின் கையில் கிடைத்தது எவ்வளவு அபூர்வமான பறவை என்பது புரியும்.

மழைக்காட்டில் ஒரு பறவையை அடையாளம் காண வேண்டுமானால், முதலில் அந்தக் காட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆனைமலையிலோ களக்காடு, முண்டந்துறைப் பகுதியிலோ மழைக்காட்டுக்குள் நுழைந்தால், வெடிப்பலா, நாங்கு போன்ற மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. அவற்றின் தலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பந்தல் போட்டிருக்கும். இதை விதானம் என்கிறார்கள். அதற்குக் கீழே நடுத்தர மரங்கள். அதற்கும் கீழே புதர், பிரம்பு, இளங்கன்றுகள். வெயிலில் பெரும் பங்கு மேல் பந்தலிலேயே நின்றுவிடும். தரைக்கு வந்து சேருவது கொஞ்சம்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியிலும் வெவ்வேறு குடும்பம் இருப்பதுபோல, இந்தக் காட்டிலும் ஒவ்வொரு அடுக்கிலும் வெவ்வேறு பறவைகள். எந்த மாடியில் உட்கார்ந்திருக்கிறது என்பதே அடையாளத்தின் முதல் துப்பு. நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும். பறவை பறந்துபோய்விட்டால் நிறம் மறந்துபோகும். ஆனால், கழுத்தை அண்ணாந்து பார்த்தோமா, குனிந்து பார்த்தோமா என்பது மறக்காது.

மேல்மாடியில் இரண்டு நீலம்

விதானத்தில் பழுப்பைவிட நீலம்தான் குழப்பம் தரும். நீலகிரி ஈப்பிடிப்பான், நீலமேனி ஈப்பிடிப்பான் என்று இரண்டு பறவைகள். இரண்டுமே உயரமான கிளை நுனியில் நிமிர்ந்து உட்காரும். காற்றில் எகிறிப் பூச்சியைப் பிடிக்கும்.

நீலகிரி ஈப்பிடிப்பான் மண்ணின் மைந்தர். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட சோலைக் காடுகளில் சாதாரணமாகக் காணலாம். 1840-ல் டி.சி. ஜெர்டன் இதற்குப் பெயர் வைத்தார். நீலமேனி ஈப்பிடிப்பானோ இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற விருந்தாளி.

இரண்டையும் பிரிப்பது எப்படி? நீலமேனியின் நிறம் மயில்துத்தம் கரைத்த தண்ணீரைப்போலப் பச்சை கலந்த பளிச்சென்ற நீலம். ஆண் பறவையின் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்புத் திட்டு எடுப்பாகத் தெரியும். வயிறு வரை நீலம் பரவியிருக்கும். நீலகிரி ஈப்பிடிப்பானின் நீலம் அவுரிச் சாயத்தைப்போல அடர்ந்தது. நெற்றியிலும் புருவத்திலும் மட்டும் நீலம் சற்று ஒளிரும். அடிவயிறு சாம்பல் வெள்ளையாக மங்கிவிடும். வாலின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சின்ன வெள்ளைத் திட்டு உண்டு. வாலை விரிக்கும்போது அது ஒரு கணம் தெரியும். இந்தப் பறவையின் அறிவியல் பெயரின் பொருளே ‘வெள்ளை வால்’ என்பதுதான்.

கீழிருந்து பார்க்கும்போது வானம் பின்னால் இருப்பதால் நீலமெல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். பறவையின் நிறம் தெரியவில்லையென்றால் கோபித்துக்கொண்டு பயனில்லை. இரண்டடி தள்ளி நின்று, பின்னணியில் இலை வருமாறு பார்த்தால், அதே பறவை நீலமாகிவிடும். அனுபவசாலிகள் காட்டுக்குள் அடிக்கடி இடம் மாறி நிற்பதற்கு இதுதான் காரணம்.

கீழ்த்தளத்தில் பழுப்பு

இனி முத்துவின் பறவைக்கு வருவோம். அது விதானத்தில் உட்காராது. நிழலான ஓடைக்கரைப் புதரில், தரைக்குச் சற்று மேலே, ஆடாமல் அசையாமல் இருக்கும். அதிகாலையிலும் அந்தி மங்கும் நேரத்திலும்தான் அதற்குச் சுறுசுறுப்பு. சத்தமும் ‘சிட்’ என்று ஒரு மெல்லிய ஒலிதான். ஓடைச் சத்தத்தில் அதுவும் கரைந்துவிடும்.

அதோடு குழம்புகிற முக்கியமான பறவை, பழுப்பு ஈப்பிடிப்பான். பெயரிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. சைபீரியா, ஜப்பான், இமயமலை என்று பரந்த பரப்பில் இனப்பெருக்கம் செய்கிற இதுவும் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும். ஆனால், இதற்கு அடர்ந்த காடுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காட்டோரம், எஸ்டேட்டின் நிழல் மரங்கள், சமவெளியில் மரங்கள் உள்ள தோட்டம் என எங்கும் சமாளித்துக்கொள்ளும். எல்லோரும் பார்க்கும்படி, இலையில்லாத கிளையில் உட்காரும். எகிறிப் பூச்சியைப் பிடித்துவிட்டு, மறுபடி அதே இடத்துக்கே வந்து உட்காரும்.

மூன்றாவதாகச் செவ்வால் ஈப்பிடிப்பான். மேற்கு இமயமலையிலிருந்து வரும் இந்தப் பறவையின் முகம் வெறுமையாக இருக்கும். வாலும் வாலுக்கு மேற்புறமும் நன்றாகச் சிவந்த துருப்பிடித்த நிறம். மார்பில் பட்டை கிடையாது. வாலைப் பார்த்துவிட்டால் இதைத் தனியாகப் பிரித்துவிடலாம். மிச்சம் இருக்கும் இரண்டு பழுப்புகள்தான் கடினம்.

ஆளைப் பார்க்காதே, காலைப் பார்!

முதலில் கால். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் கால் வெளிர் மஞ்சள், சில சமயம் லேசான ரோஸ். பழுப்பு ஈப்பிடிப்பானின் கால் கறுத்திருக்கும். மங்கலான வெளிச்சத்திலும் இந்த வேறுபாடு தெரியும். கிளையில் உட்கார்ந்த பறவையைக் கீழிருந்து பார்ப்பவருக்குக் கால் மறையாது என்பதும் வசதி.

இரண்டாவது, அலகு. இரண்டுக்கும் மேல் அலகு கறுப்பு. முத்துவின் பறவைக்குக் கீழ் அலகு முழுக்க வெளிர் மஞ்சள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கீழ் அலகின் அடிப்பகுதி மட்டும் மஞ்சள், நுனி கறுப்பு. முத்துவின் பறவைக்கு அலகு சற்றுப் பெரிதாகவும் தோன்றும்.

மூன்றாவது, இறக்கை. முத்துவின் பறவையின் இறக்கைச் சிறகுகளின் ஓரத்தில் செம்பழுப்பு வரி ஓடும். வாலின் மேற்பகுதியிலும் அந்தச் செம்மை லேசாக உண்டு. மற்றது மொத்தத்தில் சாம்பல் கலந்த பழுப்பு.

நான்காவது, முகமும் மார்பும். இரண்டுக்கும் பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அதைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. முத்துவின் பறவைக்குத் தொண்டை வெள்ளை. அதன் ஓரத்தில் மீசைபோல ஒரு கருங்கோடு. தொண்டைக்குக் கீழே மார்பின் குறுக்கே பழுப்புப் பட்டை. வெள்ளைத் தொண்டைக்கும் வெளிறிய வயிற்றுக்கும் நடுவில் அந்தப் பட்டை எடுப்பாகத் தெரியும்.

இந்த நான்கில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. மூன்றாவது பொருந்த வேண்டும். அதோடு, நிழலான புதரில் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தால், கண்டது முத்துவின் ஈப்பிடிப்பானேதான்.

கேமராவை முழுசாக நம்பலாமா?

இன்றைக்கு எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொண்டால் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால், மழைக்காட்டின் உள்ளே வருகிற வெளிச்சம் இலைகளில் பட்டுத் தெறித்து வருவது. அதில் பச்சை கலந்திருக்கும். கேமரா அதைச் சரிசெய்கிறேன் என்று தானாகவே நிறத்தைக் கூட்டிக் குறைக்கும். சாம்பல் பழுப்பு செம்பழுப்பாகிவிடும். வெளிர் கால் இருண்டுவிடும்.

அதனால் படத்தோடு ஒரு சின்னக் குறிப்பும் வேண்டும். எந்த உயரத்தில் இருந்தது, புதரா வெட்டவெளியா, பூச்சி பிடித்தபின் அதே இடத்துக்குத் திரும்பியதா, வாலை ஆட்டியதா, என்ன நேரம்? ஐந்தே வரிகள். படம் பொய் சொல்லும் இடத்தில் இந்த ஐந்து வரிகள் உண்மையைச் சொல்லிவிடும்.

எவ்வளவு பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லையா? ‘ஏதோ ஓர் ஈப்பிடிப்பான்’ என்றே எழுதிக்கொள்ளலாம். பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு போன்ற தளங்களில், இனம் உறுதியாகாதபோது இன்ன வகைப் பறவை என்று மட்டும் குறிக்க இடம் உண்டு. ஊகித்து எழுதிய பெயரைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பெயர் சரியாக இருந்தால் யாருக்கு லாபம்?

‘பத்து கிராம் குருவி. அது இந்தப் பழுப்பாக இருந்தால் என்ன, அந்தப் பழுப்பாக இருந்தால் என்ன?’ என்று யாராவது கேட்கலாம். வால்பாறையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சுற்றிலும் ஆனைமலைக் காடு. நடுவில் தேயிலை, காபித் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும் மழைக்காடு. அந்தச் சோலைத் துண்டுகளில் களைச்செடிகளை அகற்றி, உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு, காட்டை மீட்கும் வேலையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து செய்துவருகிறது.

ஒரு காட்டுத் துண்டு நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வானத்திலிருந்து படம் எடுத்தால் மேல் பந்தல்தான் தெரியும். பெரிய மரங்கள் நிற்கும்வரை படத்தில் எல்லாம் பச்சைதான். கீழே புதரை வெட்டிவிட்டார்களா, விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்களா, இளங்கன்று முளைக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உயிர்கள்.

காட்டோரத்திலும் தோட்டத்திலும் சமாளிக்கத் தெரிந்தது பழுப்பு ஈப்பிடிப்பான். நிழலான, அடர்ந்த கீழ்ப்புதரைத் தேடிப்போவது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான். ஒன்றை இன்னொன்றாக எழுதிவிட்டால், புதர் போய்விட்ட காட்டில் எல்லாம் நலமாக இருப்பதாகக் கணக்கு வந்துவிடும். மாத்திரை டப்பாவில் பெயர்ச்சீட்டு மாறிப்போனால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கேயும்.

இந்தப் பறவை இன்றைக்கு அழியும் பட்டியலில் இல்லை. கவலைப்படத் தேவையில்லாத இனம் என்றே உலகப் பட்டியல் சொல்கிறது. அந்த நிலை அப்படியே நீடிக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஆண்டுதோறும் யாராவது சரியாகப் பார்த்து, சரியாக எழுதிவைக்க வேண்டும்.

அதற்கு விஞ்ஞானியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறை நாள்களில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும். வீட்டு மாடி, குளக்கரை, பள்ளி வளாகம் என எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். வடக்கேயிருந்து வந்த ஈப்பிடிப்பான்கள் நம் மலைகளில் இருக்கும் மாதமும் அதுதான்.

மலையடிவாரத்திலோ எஸ்டேட் பக்கமோ சொந்தக்காரர் வீடு இருந்தால், கரும்பு தின்ற கையோடு பிள்ளைகளை ஓர் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போகலாம். சத்தம் போடாமல் நின்று, புதருக்குள் பார்க்கச் சொல்லுங்கள். பழுப்பாக ஏதாவது உட்கார்ந்திருந்தால், முதலில் அதன் காலைப் பார்க்கட்டும். மஞ்சளாக இருந்தால், அதற்கு முத்து என்று ஒருவர் பெயர் இருக்கும் கதையை அப்போது சொல்லலாம்.